சால்வை திறக்காத பெண்கள்

யானருமி
1988 மார்ச் 3

தெல்ஃபீனா,

பல்தசாராவைப் புதைத்துவிட்டோம். நீ வரவில்லை. பால் லாரி ஓட்டும் செகுந்தோவிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பினேன். "சொல்லிட்டேன்க்கா, தலைய ஆட்டுனாங்க" என்கிறான். தலையை ஆட்டினால் போதுமா? அவள் நம் சித்தி மகள். உனக்கு முதன்முதலில் ஜடை பின்னிவிட்டவள். அந்த ஜடையை நீ வெட்டிப்போட்ட பிறகும், உன்னைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் சண்டைக்குப் போனவள்.

எப்படிப் போனாள் என்று கேட்டுக்கொள். நடுப்பகல். ஏழு பேர் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தோம். சிம்போராசோ மலைப் பக்கமிருந்து பனிமூட்டம் இறங்கியது. பக்கத்து வரிசையில் இருப்பவளின் தொப்பிகூடத் தெரியவில்லை. "தாடை வலிக்குதுடி சொய்லா, பல்லு பிடுங்கணும்போல" என்று அவள் குரல் மட்டும் வந்தது. "பல்லு இருந்தாத்தானே பிடுங்க" என்றேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. வேலை அவசரத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை. மூட்டம் விலகியபோது மண்வெட்டிக் கம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. வயது ஐம்பத்தொன்று.

வழக்கப்படி நான்தான் குளிப்பாட்டி உடுத்தினேன். இடுப்புக் கச்சைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் உங்கள் ஆஸ்பத்திரிக் காகிதம். நீளமான நாடா, நெடுக மேடும் பள்ளமுமாக ஒரு கோடு, ஓரத்தில் டாக்டர் முத்திரை. போன அக்டோபரில் நீ எடுத்துக் கொடுத்தது. அவள் புருஷன் லிசார்தோ அதை வாங்கி எல்லோருக்கும் காட்டினான். "இருதயம் நல்லா இருக்கு, வெறும் நரம்புத் தளர்ச்சின்னு முத்திரை குத்திக் குடுத்தாங்களே. அப்புறம் எப்படிச் செத்தா?" என்று என்னைக் கேட்டான், நான்தான் முத்திரை குத்தியதுபோல. கடைசியில் அதை மடித்து அவள் கையிலேயே வைத்துப் புதைத்தான். "அங்க யாராவது கேட்டா காட்டட்டும்" என்றான். உன் தங்கை அந்த மெஷின் பக்கத்தில்தானே நிற்கிறாள், கேள் என்று சொல்லியிருக்கிறான். அதனால் கேட்கிறேன்.

எனக்கும் இன்னொரு கேள்வி உண்டு. ஜனவரியில் நான் அங்கே வந்தபோது, "இந்த மரியா உனக்குச் சொந்தமா?" என்று டாக்டர் கேட்டார். அவருக்கு மலைப் பெண்கள் எல்லோரும் மரியாதான். நீ என்ன சொன்னாய்? "இல்ல டாக்டர், எங்க பக்கத்து ஊர்க்காரி" என்றாய். நான் காது கேட்காதவள்போல உட்கார்ந்திருந்தேன். சால்வையைத் திறக்க மாட்டேன் என்று நான் முறைத்ததும் என்னை வெளியே அனுப்பினாய். சற்று நேரத்தில் காகிதத்தோடு வந்தாய். நெஞ்சைக் காட்டாமலே நெஞ்சின் காகிதம் கிடைத்துவிட்டது, கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

தோள்பட்டைகளுக்கு நடுவே வலி இன்னும் போகவில்லை. தண்ணீர்த் தொட்டிவரை ஏறினால் மூச்சு வாங்குகிறது. அவர் கொடுத்த வைட்டமினைக் கோழிக்குப் போட்டுவிட்டேன்.

சொய்லா

*

சான் ஹசிந்தோ
மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் வந்திருக்க வேண்டும். விடுப்புக் கேட்டேன், கிடைக்கவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். நான் கேட்கவே இல்லை.

ஜனவரியில் நான் சொன்னதைப் பற்றி. இங்கே என்னை வேலைக்கு எடுத்தபோது டாக்டர் பலாசியோஸ், "உன்னப் பாத்தா மலைக்காரின்னு யாரும் சொல்ல மாட்டாங்க" என்றார். அவர் அதைப் பாராட்டாகச் சொன்னார். நானும் பாராட்டாகவே வாங்கி வைத்துக்கொண்டேன். எட்டு வருடமாக அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். நீ தொப்பியும் சால்வையுமாக அந்த வாசலில் வந்து நின்றபோது எனக்குப் பயமாக இருந்தது. உன்னைப் பார்த்து வெட்கப்பட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. ஆனால் வேறு சொல்லும் கிடைக்கவில்லை.

காகிதத்தைப் பற்றி நீ கேட்டதற்கு: எல்லாவற்றையும் காகிதம் காட்டிவிடாது. டாக்டர்களே அப்படித்தான் சொல்வார்கள். உன்னுடையதை அடுப்பில் போட்டுவிடு, அக்கா. நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதே. பல்தசாராவுக்குத் தாடை வலி எத்தனை நாளாக இருந்தது? வாந்தி வந்ததா? உனக்குக் கால் வீங்குகிறதா? இதற்கு மட்டும் உடனே பதில் போடு.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை, மறுபடி பார்க்க வரச் சொன்னவர்களின் பெயர்களைத் தாழ்வாரத்தில் ஆஸ்பத்திரிச் சிப்பந்தி ரொசேந்தோ கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "பல்தசாரா குவாச்சோ!" என்றான். அவள் இறந்தது அவர்களுக்குத் தெரியாது. நான் கையில் தட்டோடு போய்க்கொண்டிருந்தேன். "இருக்கேன்" என்று பதில் வந்தது. என் வாயிலிருந்துதான் வந்தது. ரொசேந்தோ சிரித்தான். "கனவுல இருக்கியா?" என்றான். நானும் சிரித்து வைத்தேன்.

தூக்கம் போதவில்லை போலிருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள். மேடு ஏறாதே.

தெல்ஃபீனா

*

யானருமி
மார்ச் 20

தெல்ஃபீனா,

வெட்கத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். இப்போது என்னோடு கிழங்கு தோண்டுகிற பெத்ரோனாவும் போய்விட்டாள். அதே நடுப்பகல், அதே மூட்டம். ஆட்டுக்குப் புல் அறுக்கப் போனவள். முதுகு பாரமாக இருக்கிறது என்று நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வயது. அவளிடமும் காகிதம் இருந்தது. அவள் மகள் அதைச் சவப்பெட்டிக்குள் வைக்க விடவில்லை. என்னிடம் கொண்டுவந்து, "பெரியம்மா, இது அம்மாவோடது இல்ல" என்றாள். எப்படிச் சொல்கிறாய் என்றேன். "தெரியல. படிச்சுப் பாத்தேன், அம்மா மாதிரி இல்ல" என்றாள்.

நான் என்னுடையதை எடுத்துப் பக்கத்தில் விரித்தேன். நீ எரிக்கச் சொன்ன காகிதம். நல்லவேளை, நீ சொன்னதை நான் என்றைக்குக் கேட்டிருக்கிறேன்?

இரண்டும் ஒன்றுதான். ஏழெட்டு மேட்டுக்கு ஒருமுறை, மற்றவற்றைவிட அகலமாக ஒரு மேடு வருகிறது. அதன் பின் சின்ன இடைவெளி. நடந்துபோகிற ஒருத்தி எதையோ மறந்து நின்றுவிட்டு மறுபடி நடப்பதுபோல. பல்தசாராவின் கையில் வைப்பதற்கு முன் நான் விரித்துப் பார்த்ததிலும் அந்த அகல மேடு இருந்தது. கண்ணை மூடினால் தெரிகிறது.

பிறகு ஊரில் காகிதம் வைத்திருக்கிற எல்லோரையும் பார்லி களத்துக்கு வரச் சொன்னேன். பெத்ரோனாவுடையதோடு சேர்த்துப் பத்துக் காகிதம். காற்றில் பறக்காமல் கல் வைத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக விரித்தோம். பத்திலும் அவளே நடக்கிறாள், தெல்ஃபீனா. எல்லாவற்றிலும் அதே இடத்தில் மறந்து நிற்கிறாள். குழந்தைகளை வீட்டுக்கு விரட்டினோம்.

அசுக்காவை உனக்குத் தெரியும், எதற்கும் பயப்படாத வாய். "காகிதம் பொய் சொல்லுதா, நெஞ்சு பொய் சொல்லுதா, இப்பவே பாத்துருவோம்" என்று ஒவ்வொருத்தியின் சால்வைக்குள்ளும் தலையை விட்டுக் காதை வைத்தாள். ஒருத்தி கூச்சத்தில் சிரித்தாள். "சும்மா இருடி, உன் புருஷன் வைக்காத காதையா வைக்கிறேன்" என்று அதட்டினாள். அப்புறம் சொல்லிக்கொண்டே போனாள். "உன்னுது ஓடுது. உன்னுது நொண்டுது. உன்னுது பரவால்ல." என்னிடம் வந்தவள் வெகு நேரம் தலையை எடுக்கவில்லை. எடுத்தபோது முகம் வெளுத்திருந்தது.

"உன்னுது தூரத்துல கேக்குதுடி சொய்லா. யாரோ நாலு வீடு தள்ளி மாவு இடிக்கிற மாதிரி."

மறுநாள் நாட்டு வைத்தியர் சில்வேரியோவை அழைத்தோம். என் நோய் அதில் இறங்கும்படி ஒரு கறுப்புக் கினிப்பன்றியால் என்னைத் தலையிலிருந்து கால்வரை தடவி, பிறகு அறுத்துப் பார்த்தார். அதன் இருதயம் ஊதிப்போய், சுற்றிலும் தண்ணீர் கட்டியிருந்தது. அதைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். "இது ரெண்டும் ஒரே ஆள் இல்ல" என்றார். பணம் வாங்காமல் போய்விட்டார். அவர் பணம் வாங்காமல் போய் நான் பார்த்ததில்லை.

இப்போது நடுப்பகலில் யாரும் வயலுக்குப் போவதில்லை. ஒருத்தி எங்கள் எல்லோருக்குள்ளும் நடக்கிறாள், ஒவ்வொருத்தியாக நிறுத்திக்கொண்டு வருகிறாள் என்று பேச்சு. நீ அந்த அறையில் இருப்பவள். அவள் யார் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

கால் வீங்குகிறதா என்று கேட்டாயே. வீங்குகிறது. விரலால் அழுத்தினால் குழி நிற்கிறது.

சொய்லா

*

சான் ஹசிந்தோ
மார்ச் 25

அக்கா,

அவள் நான்தான்.

இதை எப்படி எழுதுவது என்று நான்கு காகிதம் கிழித்துவிட்டேன். நடந்தபடியே எழுதுகிறேன்.

அந்த அறைக்குத் திரை கிடையாது. தாழ்வாரத்துப் பக்கம் ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல். பயிற்சி டாக்டர்கள் கதவைத் தட்டாமல் வருவார்கள், போவார்கள். திரை வேண்டும் என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். நெஞ்சில் ஆறு இடத்தில் ரப்பர் கிண்ணம் ஒட்ட வேண்டும், இடுப்புவரை திறக்க வேண்டும். நம் பெண்கள் திறப்பார்களா? காகிதம் இல்லாமல் போனால் பலாசியோஸ் பார்க்க மாட்டார். "எட்டு மணி நேரம் பஸ்ல வந்துட்டு இப்ப என்ன நாடகம், மரியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வயதான அம்மா சால்வையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் அழுதாள். அவளை வெளியே உட்கார வைத்தேன். ஜன்னலில் போர்வையைச் செருகினேன். நானே படுத்துக்கொண்டேன். என் நெஞ்சில் கிண்ணங்களை ஒட்டி, காகிதத்தை ஓடவிட்டு, மேலே அவள் பெயரை எழுதினேன். டாக்டர் ஒரு பார்வை பார்த்து முத்திரை குத்தினார். அந்த அம்மா என் கையை முத்தமிட்டுப் போனாள். அவளுக்கு ஒரு அவமானம் தப்பியது என்று சந்தோஷப்பட்டேன்.

அதன் பிறகு யார் சால்வையைப் பிடித்துக்கொண்டாலும் நான் படுத்தேன். அந்த அம்மாவோடு சேர்த்து இருபத்து மூன்று பேர். அதில் பதினொரு பேர் யானருமிக்காரிகள். நம் பெண்களுக்கு எங்கே நெஞ்சு வலி, வெறும் அசதி, முதுகுவலி, பல்வலி, வேலை செய்து களைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அறைச் சுவரில் மாரடைப்புப் படம் ஒன்று தொங்குகிறது. அதில் ஒரு ஆண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பெண்ணுக்குத் தாடையில் வரலாம், முதுகில் வரலாம், வாந்தியாக வரலாம் என்று அந்தப் படத்தில் எங்கும் இல்லை. போன வாரம்தான் ஒரு பழைய புத்தகத்தில் தேடிப் படித்தேன். பல்தசாரா சொன்னது அப்படியே அதில் இருந்தது.

உனக்கும் அதையே செய்தேன். உன்னைச் சொந்தம் இல்லை என்று சொன்ன பிறகு உனக்கென்று தனியாக நேரம் எடுத்துக்கொள்ள எனக்கு வாய் இல்லை. என் அக்கா என்று சொல்லியிருந்தால் கதவைச் சாத்தியிருப்பேன், உன்னோடு மல்லுக்கட்டியாவது எடுத்திருப்பேன். பக்கத்து ஊர்க்காரிக்குச் செய்வதைச் செய்தேன்.

நீ எழுதினாயே, பெத்ரோனா போன நடுப்பகல். செகுந்தோவிடம் கிழமை கேட்டேன். அன்று பன்னிரண்டு மணிக்கு நான் சூப் குடித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு நின்றது. ஒரு துடிப்பு வரவேண்டிய இடத்தில் வரவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பிறகு மெதுவாக வந்தது. அதன் பிறகு ரொசேந்தோ அவள் பெயரைக் கூப்பிட்டபோது வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அப்படியும் உள்ளே யாரோ பதில் சொன்னார்கள்.

என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். ஆனால் நீ உடனே வா. வீங்கிய காலில் குழி நிற்கிறது என்றால் காத்திருக்க நேரமில்லை. உன் நெஞ்சை இதுவரை யாரும் பார்க்கவே இல்லை, அக்கா. அடுத்தவள் நீ என்று பயப்படுகிறேன்.

தெல்ஃபீனா

*

யானருமி
ஏப்ரல் 4

தெல்ஃபீனா,

உன் கடிதத்தை மூன்று நாள் கச்சைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். கிழித்துப் போட்டால் உன் பெயர் தப்பிக்கும் என்று ஒரு நாள் நினைத்தேன். அப்புறம் களத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் படித்தேன். ஒரு வரிகூட விடவில்லை.

பெத்ரோனாவின் மகள் எழுந்துபோய்க் காறித் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அசுக்காதான் வாயைத் திறந்தாள். "அப்ப ரெண்டு வருஷமா அந்த டாக்டர் பாத்தது பூரா இவ நெஞ்சையா? நம்ம நெஞ்ச ஒரு தடவகூடப் பாக்கலையா?" என்று கேட்டாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

நான் கேட்டேன். "சரி, அவ வற்புறுத்தியிருந்தா திறந்திருப்போமா?"

"மாட்டோம்" என்றார்கள். எனக்கும் அதுதான் பதில். அப்புறம் ஒருத்தி மெல்லச் சொன்னாள். "கதவச் சாத்திட்டு, நம்ம பேச்சுல பேசி, 'நானும் யானருமிக்காரிதான்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் திறந்திருப்பேன்." உன் காதிலும் விழட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை வருகிறோம். ஒன்பது பேரும். செகுந்தோ பால் கேன்களை இறக்கிவிட்டு எங்களை ஏற்றிக்கொள்வான். உன்னைக் காப்பாற்றவோ காட்டிக்கொடுக்கவோ இல்லை, எங்கள் காகிதத்தை எடுக்க. வாசலில் நீ நிற்க வேண்டும். டாக்டர் கேட்டால் நான் யார் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்த லாரியிலேயே திரும்பிவிடுவேன், பாதியில் செத்தாலும் சரி.

இப்போதெல்லாம் உட்கார்ந்தேதான் தூங்குகிறேன். படுத்தால் தண்ணீருக்குள் இருப்பதுபோல மூச்சு முட்டுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, தெல்ஃபீனா. இதை மற்றவர்களிடம் சொல்லவில்லை.

சொய்லா

*

யானருமி
மே 6

அக்கா,

கீத்தோ ஆஸ்பத்திரியில் கடிதம் கொடுப்பார்களா தெரியாது. அசுக்காவின் மகன் அங்கே கட்டட வேலைக்கு வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் வீட்டில்தான் இருக்கிறேன். கோழிகள் நலம்.

வியாழக்கிழமை நடந்ததில் பாதி உனக்கு நினைவிருக்காது. லாரியிலிருந்து நீ என் மேல்தான் இறங்கினாய், அப்படியே சரிந்தாய். பலாசியோஸ் தாழ்வாரத்தில் நின்று, "என்ன கூட்டம் இது? யாரு இந்த மரியா?" என்றார். "சொய்லா சிஸ்லேமா. என் கூடப் பிறந்த அக்கா" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அன்று நான் கறுப்புப் பாவாடையும் அம்மாவின் சிவப்புச் சால்வையும் உடுத்தியிருந்தேன். அந்தச் சால்வையை எடுத்து ஜன்னலில் தொங்கவிட்டேன். கதவைச் சாத்தினேன். நான் கைவைத்தபோது நீ கண் திறந்து, "நீயாடி?" என்றாய். நான்தான் என்றேன். உன் கையாலேயே சால்வை ஊசியைக் கழற்றினாய்.

காகிதத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இது பழசு. மாசக் கணக்குல ஆகியிருக்கு. ஜனவரிலயே இருந்திருக்கணுமே, அப்ப எடுத்தது எங்க?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் கேட்டது உன்னைப் பற்றி இல்லை. "இருபத்து மூணு காகிதத்துலயும் என் முத்திரை இருக்கு, தெரியுமா உனக்கு?" என்றார். "இருபத்து மூணுலயும் ஒரே நெஞ்சு இருந்துச்சு டாக்டர். நீங்க ஒண்ணுலகூடக் கவனிக்கலையே" என்றேன். உன்னைக் கீத்தோவுக்குக் கொண்டுபோன ஆம்புலன்ஸுக்கு அவர்தான் கையெழுத்துப் போட்டார். அதையும் சொல்ல வேண்டும்.

மற்ற எட்டுப் பேருக்கும் அன்று மாலைக்குள் எடுத்தேன். ஒவ்வொருத்தியிடமும் என் சட்டைப் பொத்தானை முதலில் அவிழ்த்துக் காட்டினேன். மூன்று பேருக்குச் சரியில்லை. அடுத்த நாள் என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். டாக்டர் அதே மேஜையில் இருக்கிறார். ஒரே வாரத்தில் அந்த அறைக்கு வளையம் கோத்த வெள்ளைத் திரை போட்டுவிட்டார்களாம்.

மீதிப் பன்னிரண்டு பேரைத் தேடி நடந்துகொண்டிருக்கிறேன். பதினொரு பேரைக் கண்டு சொல்லிவிட்டேன். பன்னிரண்டாவது, நான் முதன்முதலில் படுத்தேனே, அந்த அம்மா. அவள் வீட்டு வாசலில் நின்று பெயரைச் சொன்னேன். மருமகள் உள்ளே பார்த்துவிட்டு, "நவம்பர்லயே போயிட்டாங்க. நீங்க யாரு?" என்றாள். என் முகத்தையே பார்த்தாள். "இப்பத்தான் அவங்க கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு" என்றாள். பெயரை நான் என் குரலில்தான் சொன்னேன், அக்கா.

சில்வேரியோ என்னிடம் வந்தார். உன் உசிரைத் துண்டு போட்டு மண்ணில் விட்டிருக்கிறாய், இருக்கிற இடத்தில் போய்ப் பெயர் சொல்லித் திரும்பக் கூப்பிடாவிட்டால் நீ வருடம் தாண்ட மாட்டாய் என்றார். நான் இதையெல்லாம் நம்புவதை விட்டு எட்டு வருடம் ஆகிறது. ஆனாலும் நடுப்பகலில் என் நெஞ்சு நிற்கிறது. போனேன்.

பல்தசாராவின் குழிமேட்டில் மூட்டம் கால் மறைக்கக் கிடந்தது. என் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "தெல்ஃபீனா, வா, வீட்டுக்குப் போலாம்" என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். மூன்றாவது தடவை வாயெடுக்கும்போது பின்னால் லிசார்தோ நின்றார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கையில் எதுவும் இல்லை. கோபமும் இல்லை.

"கூப்பிடாத" என்றார்.

"மாமா, நான்..."

"அவ கையில உன் நெஞ்சுதான் இருக்கு. வேற ஒண்ணும் குடுத்து அனுப்பல நாங்க. அதையும் எடுத்துக்கிட்டா அவ வெறுங்கையோட நிப்பா. அது அங்கயே இருக்கட்டும். நீ மிச்சத்தோட நட."

பிறகு எனக்காக வழிவிட்டு ஒதுங்கி நின்றார். நான் தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கிவந்தேன். அப்படித்தான் நடக்கிறேன், அக்கா.

உன்னை இனிமேல் அறுப்பார்களா, மருந்திலேயே பார்ப்பார்களா? நீ பிழைப்பாயா? என்னை மன்னிக்காதே, ஆனால் பதில் மட்டும் போடு.

தெல்ஃபீனா

*

கீத்தோ
மே 19

தெல்ஃபீனா,

அறுக்கவில்லை. அறுக்கிற கட்டம் தாண்டிவிட்டதாம். இங்கே ஒரு பெண் டாக்டர். முதல் நாளே என் பெயரைக் கேட்டு, அதைச் சரியாகச் சொல்லும்வரை மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். உட்கார்ந்து படம் போட்டுக் காட்டினார். இருதயத்தில் ஒரு ஓரம் செத்துவிட்டது, அது திரும்ப வராது. டிசம்பரிலோ ஜனவரியிலோ ஆகியிருக்கும். "அப்பவே பாத்திருந்தா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பொய் சொல்லவில்லை. "நிறையக் காப்பாத்தியிருக்கலாம்மா" என்றார்.

யானருமி உயரத்துக்கு இப்போதைக்குப் போகக் கூடாதாம். கிழங்கு வயலை அசுக்காவிடம் விடு. கோழிகளை விற்காதே.

கட்டில் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. அதில் என் நெஞ்சு பச்சைக் கோடாக ஓடிக்கொண்டே இருக்கிறது. நடுப்பகலில் வார்டு ஓய்ந்து கிடக்கும்போது அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். என்னுடைய மேடு சின்னது, சோம்பேறி மேடு. ஆனால் எப்போதாவது ஒன்று அகலமாக வருகிறது. அதன் பின் இடைவெளி. செத்த ஓரத்தால் அப்படி வரும் என்கிறார் டாக்டர். இருக்கலாம். அது வரும்போது நான் "நட, நட" என்று சொல்கிறேன். பக்கத்துக் கட்டில்காரி நான் ஜெபம் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

லிசார்தோ சொன்னதைப் படித்தேன். அவன் சொன்னது சரி. அதில் நான் தலையிட மாட்டேன்.

மன்னிக்காதே என்று எழுதியிருந்தாய். நீ சொல்லித்தான் நான் அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமா? உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் இந்தக் கட்டிலில் அடங்காது. கூச்சப்பட்ட பெண்களை அவமானத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்று நினைத்து அவர்களைக் கொன்றாய். என்னையும் பாதி கொன்றாய். அந்த டாக்டருக்கு இதில் ஒரு பங்கு, மூன்று தடவை கேட்டும் திரை தராதவர்களுக்கு ஒரு பங்கு. அதையெல்லாம் கழித்தாலும் உன் பங்கு பெரியதுதான்.

ஆனால் கோபப்பட நான் ஒருத்திதான் மிச்சம் இருக்கிறேன். பல்தசாராவுக்கு உன்மேல் கோபப்பட வாய்ப்பே கிடைக்கவில்லை. பெத்ரோனாவுக்கும் இல்லை. உன் கையை முத்தமிட்டுப் போனாளே, அந்த அம்மாவுக்குத் தன்னை நீ என்ன செய்தாய் என்றே தெரியாது. அவர்கள் மூன்று பேர் பட வேண்டிய கோபத்தையும் நானே பட்டாக வேண்டும். அதற்கு நிறைய வருடம் வேண்டும்.

மாத்திரைகளை நேரம் தவறாமல் சாப்பிடுகிறேன்.

உன் அக்கா,
சொய்லா